அடிமையாக உழைத்தவர்களுக்கு பென்ஷன் கேட்ட சலவைத் தொழிலாளி... ஜெயிலுக்கு அனுப்பிய அமெரிக்கா! யார் இந்த கேல்லி ஹவுஸ்?

துணி துவைத்து, இஸ்திரி போட்டு, ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த கணவரை இழந்த ஒரு பெண். படிப்பு என்று பார்த்தால் தொடக்கப் பள்ளி அளவுதான். ஓட்டு போடும் உரிமைகூட கிடையாது. அப்படிப்பட்ட ஒருவரை அமெரிக்க அரசின் தபால் துறை, பென்ஷன் துறை, சட்டத்துறை என மூன்று துறைகள் ஏறக்குறைய 20 வருஷம் விடாமல் கண்காணித்தன. கடைசியில் மோசடி வழக்கு போட்டு ஜெயிலுக்கும் அனுப்பினார்கள்.

அப்படி என்னதான் செய்தார்? அடிமைகளாக இருந்து வயதாகிப் போனவர்களுக்கு அரசு பென்ஷன் கொடுக்கணும் என்று கேட்டார். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இழப்பீடு தர வேண்டுமா என்ற விவாதம் வரும்போதெல்லாம் இன்று கேல்லி ஹவுஸ் பெயரும் கூடவே வருகிறது. அந்த விவாதத்தில் அடிக்கடி சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு: அடிமைகளும் உயிரோடு இல்லை, எஜமானர்களும் உயிரோடு இல்லை, இப்போது யார் யாருக்குக் கொடுப்பது? நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அடிமையாக இருந்தவர்கள் லட்சக்கணக்கில் உயிரோடு இருந்த காலத்திலேயே இதைக் கேட்டவர் கேல்லி ஹவுஸ். அன்றைக்கு கிடைத்த பதில் என்ன என்பதுதான் அவருடைய வாழ்க்கைக் கதை.

போருக்கு நடுவில் பிறந்த குழந்தை

1861ல், டென்னசி மாகாணத்தின் ரதர்ஃபோர்ட் கவுன்ட்டியில் பிறந்தவர் கேல்லி. பிறக்கும்போதே அடிமை. அதே வருஷம் ஏப்ரலில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடுத்த ஆண்டின் கடைசி நாளில் அந்தப் போரின் மிகப் பெரிய சண்டைகளில் ஒன்று, ஸ்டோன்ஸ் ரிவர் சண்டை, அவர் பிறந்த அதே கவுன்ட்டியில் தொடங்கியது. 1865 டிசம்பரில் அரசியல் சாசனத்தின் 13வது திருத்தம் நடைமுறைக்கு வந்து, நாடு முழுக்க அடிமை முறை ஒழிந்தபோது கேல்லிக்கு 4 வயது இருக்கும்.

சுமார் 40 லட்சம் பேர் விடுதலை ஆனார்கள். சரி, விடுதலை ஆகி எங்கே போவது? நிலம் இல்லை. வீடு இல்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைக்கு ஒரு பைசா கூலி இல்லை. தென் மாகாணங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருவதே சட்டப்படி குற்றமாக இருந்ததால் படிப்பும் இல்லை.

ஒரு வாய்ப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. 1865 ஜனவரியில் வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் ஒரு உத்தரவு போட்டார். தெற்குக் கரோலினாவில் இருந்து ஃப்ளோரிடா வரையிலான கடற்கரை ஓரத்தில், எஜமானர்கள் விட்டுவிட்டு ஓடிய சுமார் 4 லட்சம் ஏக்கரை, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை என விடுதலையானவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. சுமார் 40,000 பேர் அங்கே குடியேறி விதைக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஏப்ரலில் அதிபர் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் (இவரும் டென்னசிக்காரர்தான்) அதே ஆண்டிலேயே அந்த நிலங்களைப் பழைய எஜமானர்களிடம் திருப்பிக் கொடுக்க வைத்தார். 40 ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும் என்று அமெரிக்காவில் இன்றுவரை பேசப்படுவது இந்தக் கதைதான். ஷெர்மனின் உத்தரவில் கழுதை பற்றிய பேச்சே இல்லை; ராணுவத்திடம் மிச்சமிருந்த கோவேறு கழுதைகள் சிலருக்குக் கொடுக்கப்பட்டதால் அதுவும் கதையில் ஒட்டிக்கொண்டது.

அப்போ அடிமை முறைக்காக அமெரிக்க அரசு யாருக்குமே இழப்பீடு கொடுக்கலையா? கொடுத்தது. எஜமானர்களுக்குக் கொடுத்தது.

1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் மட்டும் அடிமை முறையை ஒழிக்க ஒரு சட்டம் வந்தது. சுமார் 3,000 பேர் விடுதலையானார்கள். தலைக்கு 300 டாலர் வரை இழப்பீடு என்றது சட்டம். பணம் போனது அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. விடுதலையானவர்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருந்தது: நாட்டை விட்டு வெளியேறி ஹைட்டி, லைபீரியா மாதிரி இடங்களுக்குப் போக சம்மதித்தால் 100 டாலர் வரை உதவி! பிரிட்டனும் 1833ல் இதையேதான் செய்தது. 2 கோடி பவுண்டு இழப்பீடு முழுக்க அடிமைகளின் சொந்தக்காரர்களுக்குப் போனது. அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் மக்களின் வரிப் பணத்தில் அடைத்து முடிக்க 2015 ஆனது.

ஒரு வெள்ளைக்காரரின் புத்தகம்

கேல்லி ரதர்ஃபோர்ட் கவுன்ட்டியிலேயே வளர்ந்தார். 1883ல் வில்லியம் ஹவுஸ் என்ற கூலித் தொழிலாளியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆறு குழந்தைகள் பிறந்ததில் ஐந்து பிழைத்தன. கணவர் இறந்துவிட, துணி துவைத்தும் தைத்தும் குடும்பத்தை ஓட்டினார். அன்றைய தென் மாகாணங்களில் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று வெள்ளையர் வீட்டில் சமையல், இல்லைன்னா அவர்கள் வீட்டுத் துணி. ஆண்கள் பலரும் பழைய எஜமானரின் நிலத்தையே வாரத்துக்கு எடுத்து உழுதார்கள். விளைச்சலில் பங்கு போக, விதைக்கும் மளிகைக்கும் வாங்கிய கடன் போக, வருஷக் கடைசியில் கையில் நிற்பது அநேகமாக ஒன்றுமில்லை.

இந்தச் சமயத்தில் தெற்கில் ஒரு புத்தகம் சுற்றிக்கொண்டிருந்தது. எழுதியவர் வால்டர் வாகன். வெள்ளையர், ஜனநாயகக் கட்சிக்காரர், நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் பத்திரிகை நடத்தியவர். முன்னாள் அடிமைகளுக்கு அரசு பென்ஷன் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1890ல் நெப்ராஸ்கா உறுப்பினர் வில்லியம் கானல் மூலமாக நாடாளுமன்றத்தில் அதற்கு ஒரு மசோதாவும் வந்தது. வாகனுக்கு முன்னாள் அடிமைகள் மேல் உருகி உருகிப் பாசம் என்றெல்லாம் இல்லை. போரில் நொடித்துப்போன தெற்குக்கு இந்த பென்ஷன் வழியாகப் பணம் போய்ச் சேரும், அங்கே உள்ள கடைத்தெருவில் அது செலவாகும் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்த யோசனையைக் கையில் எடுத்தவர்கள்தான் அதை வேறு ஒன்றாக மாற்றினார்கள். வாகனோடு வேலை பார்த்துப் பிரிந்து வந்த ஐசாயா டிக்கர்சனும் கேல்லி ஹவுஸும் சேர்ந்து 1890களின் கடைசியில் நாஷ்வில் நகரை மையமாக வைத்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். முன்னாள் அடிமைகளின் தேசிய பரஸ்பர நிவாரண, கொடை, பென்ஷன் சங்கம் என்பது அதன் நீளமான பெயர். 1898 நவம்பரில் நாஷ்வில்லில் நடந்த மாநாட்டில் கேல்லி துணைச் செயலாளர் ஆனார். அப்போது அவருக்கு வயது 37.

ஏன் பென்ஷன்?

இழப்பீடு என்ற வார்த்தையை விட்டுவிட்டு அவர்கள் ஏன் பென்ஷன் என்று கேட்டார்கள் என்பதைக் கவனிக்கணும். காரணம் கண்ணெதிரே இருந்தது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சண்டை போட்ட வீரர்களுக்கும், இறந்தவர்களின் மனைவி மக்களுக்கும் அரசு பென்ஷன் கொடுத்துக்கொண்டிருந்தது. அது சின்னத் தொகை இல்லை. 1890களின் தொடக்கத்தில் மத்திய அரசின் மொத்தச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் இந்த பென்ஷனுக்கே போனது. அதாவது நாட்டுக்காக உழைத்தவர்களுக்கு வயதான காலத்தில் மாதாமாதம் பணம் கொடுப்பது எப்படி என்று அரசுக்கு நல்லாவே தெரியும். அலுவலகம் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது, பரிசோதகர்கள் இருக்கிறார்கள். அப்படி இருக்கும்போது, நான்கு வருஷம் போரில் உழைத்தவருக்கு உண்டு என்றால், வாழ்நாள் முழுக்க கூலி இல்லாமல் பருத்திக் காட்டில் உழைத்தவருக்கு ஏன் இல்லை? அவர்கள் கேட்ட கேள்வி இதுதான். தானம் கேட்கவில்லை, பரிகாரம்கூடக் கேட்கவில்லை. பாக்கிக் கூலியைக் கேட்டார்கள்.

1899ல் செனட்டில் வந்த மசோதாவில் கணக்கு தெளிவாகவே இருந்தது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு தடவை 500 டாலர், பிறகு மாதம் 15 டாலர். 60களில் இருப்பவர்களுக்கு 300 டாலர், மாதம் 12 டாலர். 50களில் இருப்பவர்களுக்கு 100 டாலர், மாதம் 8 டாலர். அதற்கும் கீழே இருப்பவர்களுக்கு மாதம் 4 டாலர். கேல்லி ஹவுஸுக்கு இந்தக் கணக்குப்படி கிடைத்திருக்கக்கூடியது அந்தக் கடைசி 4 டாலர்தான்.

கேல்லி ரயில் ஏறி ஊர் ஊராகப் போனார். தெற்கில் ரயில் பெட்டிகூட நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த காலம் அது. அப்படிப் பிரிப்பது சட்டப்படி சரி என்று 1896ல்தான் உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியிருந்தது. கறுப்பினத்தவர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொல்வது சர்வசாதாரணமாக நடந்தது. தனியாகப் பயணம் செய்யும் ஒரு கறுப்பினப் பெண், கூட்டம் போட்டு, அரசிடம் பணம் கேட்கச் சொல்கிறார் என்றால் அது எவ்வளவு துணிச்சல் என்று நினைத்துப் பாருங்கள். சர்ச்சுகளில் கூட்டம் நடந்தது. கிழவர்களும் கிழவிகளும் வந்தார்கள். பேர் எழுதத் தெரியாதவர்களின் பெயர்களும் மனுக்களில் ஏறின. சேருவதற்கு 25 சென்ட், பிறகு மாதம் 10 சென்ட் சந்தா. உச்சத்தில் சுமார் 3 லட்சம் பேர் சேர்ந்திருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு.

இன்னொரு விஷயமும் உண்டு, பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அரசு கொடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை இந்தச் சங்கம். வசூலான சந்தாவில் உள்ளூர்க் கிளைகள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டன, செத்தவர்களைக் கௌரவமாக அடக்கம் செய்தன. பெயரிலேயே பரஸ்பர நிவாரணம் என்று இருப்பது அதனால்தான். வாழ்நாள் முழுக்க வேறொருவரின் சொத்தாக இருந்த ஒரு மனிதருக்கு, தன் அடக்கச் செலவுக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

நம்பிக்கை கொடுத்தால் மோசடியா?

1899 செப்டம்பரில் அடி விழுந்தது. தபால் துறை அந்தச் சங்கத்தின் மேல் மோசடி உத்தரவு போட்டது. அன்றைய அமெரிக்காவில் இது பயங்கரமான ஆயுதம். நீதிமன்றம் போக வேண்டாம், விசாரணை வேண்டாம், ஒரு அதிகாரி முடிவு செய்தால் போதும். சங்கத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் மோசடி என்று முத்திரை குத்தப்பட்டு அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். மணியார்டரும் கிடையாது. போன் வசதி பரவாத காலத்தில், பல மாகாணங்களில் கிளை உள்ள ஒரு அமைப்புக்குத் தபாலை நிறுத்துவது மூச்சை நிறுத்துவது மாதிரி.

அரசின் வாதம் இப்படிப் போனது. இந்த பென்ஷன் மசோதா நிறைவேற வாய்ப்பே இல்லை. நிறைவேறாத ஒன்றுக்காக ஏழைகளிடம் சந்தா வாங்குவது ஏமாற்று வேலை. எனவே இது மோசடி. கொஞ்சம் நின்று யோசித்தால் இதில் உள்ள வேடிக்கை புரியும். மசோதா நிறைவேறாது என்று எப்படித் தெரியும்? நிறைவேற்றப் போவதில்லை என்று அரசே முடிவு செய்துவிட்டதால் தெரியும். நாங்கள் கொடுக்க மாட்டோம், அதனால் எங்களிடம் கேட்கலாம் என்று சொல்வதே குற்றம் என்கிறது அரசு!

கேல்லி ஹவுஸ் பயந்து ஒதுங்கவில்லை. தபால் துறை அதிகாரிக்கே பதில் கடிதம் எழுதினார். மனு கொடுப்பது அரசியல் சாசனம் எல்லாக் குடிமக்களுக்கும் கொடுத்த உரிமை, தன் இன மக்களுக்கும் அது உண்டு என்பது அதன் சாரம்.

நியாயமாகப் பார்த்தால், அரசு தரப்பில் ஒரு உண்மையும் இருந்தது. பென்ஷன் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி வயதான முன்னாள் அடிமைகளிடம் பணம் பிடுங்கிய ஆசாமிகள் அந்தக் காலத்தில் நிறையவே இருந்தார்கள். அரசு அதிகாரி மாதிரி வேஷம் போட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் அவர்களைப் பிடிப்பதற்கும், மாநாடு நடத்தி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, பெயர் போட்டு முகவரி போட்டு இயங்கும் ஒரு சங்கத்தின் தபாலை முடக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதிகாரிகளின் உண்மையான கவலை வேறு இடத்தில் இருந்தது. இந்த எதிர்பார்ப்பை வளரவிட்டால், கறுப்பின மக்களைக் கட்டுக்குள் வைப்பதே கஷ்டமாகிவிடும் என்று பென்ஷன் துறைப் பரிசோதகர் ஒருவர் அறிக்கையே எழுதினார்.

படித்த கறுப்பினத் தலைவர்கள், பத்திரிகைகளில் பலரும் துணைக்கு வரவில்லை. கல்வி, ஓட்டுரிமை இவைதான் முக்கியம், பென்ஷன் எல்லாம் நடக்கிற காரியமா என்பது அவர்கள் எண்ணம். கேலியும் செய்தார்கள். செனட்டின் பென்ஷன் குழுவும் மசோதாவுக்கு எதிராக அறிக்கை கொடுத்து முடித்துக்கொண்டது. 1901ல் டிக்கர்சனை அட்லாண்டாவில் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பு சொன்னார்கள். மேல்முறையீட்டில் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1909ல் அவர் இறந்துபோக, இயக்கத்தின் முழுச் சுமையும் கேல்லி தலையில் விழுந்தது.

6 கோடியே 80 லட்சம் டாலர் வழக்கு

நாடாளுமன்றம் கதவைத் திறக்கவில்லை. சரி, நீதிமன்றக் கதவைத் தட்டுவோம் என்று முடிவு செய்தார்கள். 1915ல் கார்னீலியஸ் ஜோன்ஸ் என்ற கறுப்பின வழக்கறிஞர் மூலம் வாஷிங்டனில் ஒரு வழக்கு போட்டார்கள். அதில் கேட்ட தொகை 6,80,73,388 டாலர் 99 சென்ட்!

இந்த 99 சென்ட் வரைக்கும் உள்ள துல்லியத்தைப் பாருங்கள். யாரோ மனதில் தோன்றிய நம்பர் இல்லை அது. 1862ல் இருந்து 1868 வரை அரசு பருத்தி மேல் ஒரு வரி போட்டு வசூலித்தது. அந்த வரியில் கஜானாவுக்கு வந்ததாக வழக்கில் சொல்லப்பட்ட தொகைதான் இது. அந்தப் பருத்தியை விதைத்தது யார், களை எடுத்தது யார், பறித்தது யார்? அந்தக் கைகளுக்குச் சேர வேண்டிய பணம் அரசின் கஜானாவிலேயே கிடக்கிறது, எடுத்துக் கொடுங்கள் என்பது வாதம். அடிமை முறைக்கு இழப்பீடு கேட்டால் எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று கேட்பவர்களுக்கு, அரசின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் இருந்தே பதில் எடுத்துக் காட்டினார்கள்.

சட்டப்படி ஓட்டை இல்லாத வாதம் என்று சொல்ல முடியாது. வரியைக் கட்டியது பருத்தியை விற்றவர்கள், உழைத்தவர்கள் நேரடியாகக் கட்டவில்லை. ஆனால் நீதிமன்றம் வழக்கை அந்த ஆழத்துக்கே கொண்டு போகவில்லை. அரசு சம்மதிக்காமல் அரசின் மேல் வழக்கு போட முடியாது என்ற பழைய விதியைக் காட்டித் தள்ளுபடி செய்தது. 1917ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அடிமை முறைக்கு இழப்பீடு கேட்டு மத்திய அரசுக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட முதல் வழக்காக வரலாற்றில் பதிவாகியிருப்பது இதுதான்.

வழக்கு போட்டதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது அதிபர் உட்ரோ வில்சன். அவருடைய ஆட்சியில்தான் மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்கும் முறை தீவிரமானது. அதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் தபால் துறைத் தலைவர் ஆல்பர்ட் பர்லசன், டெக்சாஸ்காரர். 1916ல் கேல்லி ஹவுஸ் மேல் தபால் மூலம் மோசடி செய்ததாகக் குற்றப்பத்திரிகை பாய்ந்தது. பென்ஷன் உறுதியாக வரப் போகிறது என்று பொய் சொல்லிப் பணம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. சட்டம் கொண்டு வரத்தான் பாடுபடுகிறோம் என்பது சங்கத்தின் நிலை.

1917 செப்டம்பரில் நாஷ்வில்லில் விசாரணை நடந்தது. ஜூரியில் இருந்த எல்லோரும் வெள்ளையர்கள், எல்லோரும் ஆண்கள். தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறை.

விடுதலை கொடுத்த திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு

1917 நவம்பரில் மிசோரி மாகாணத்தின் ஜெபர்சன் சிட்டி சிறைக்கு அவரைக் கொண்டு போனார்கள். போருக்கு ஆள் சேர்ப்பதை எதிர்த்ததற்காகத் தண்டிக்கப்பட்ட எம்மா கோல்ட்மேனும் 1918 பிப்ரவரியில் அங்கே வந்தார். கோல்ட்மேனை உலகத்துக்கே தெரியும், அவர் சிறையில் இருந்ததும் செய்தியானது. அதே மதில்களுக்குள் இருந்த கேல்லி ஹவுஸைப் பற்றி எழுத அப்போது யாரும் இல்லை.

அந்தச் சிறையில் பெண் கைதிகளுக்குத் தையல் வேலை. தினமும் இத்தனை உருப்படி தைத்துத் தர வேண்டும் என்று கணக்கு வைத்து வாங்கினார்கள். கேல்லிக்கு 4 வயது இருந்தபோது நாடு முழுக்க அடிமை முறையை ஒழித்த அதே 13வது திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் கட்டாய உழைப்பு செல்லும் என்கிறது அது. கூலி பாக்கியைக் கேட்கப் போன பெண், 56 வயதில் மறுபடியும் கட்டாய உழைப்புக்குள் போனார்.

நன்னடத்தைக்காகக் கொஞ்சம் முன்னதாகவே, 1918 ஆகஸ்ட்டில் வெளியே வந்தார். நாஷ்வில்லுக்குத் திரும்பி, விட்ட இடத்தில் இருந்து சலவை வேலையைத் தொடர்ந்தார். லட்சக்கணக்கானவர்களிடம் பணம் சுருட்டியவர் என்று அரசு குற்றம் சாட்டியவரின் கடைசிக் காலம் அடுத்தவர் துணியைத் துவைப்பதில்தான் கழிந்தது. 1928 ஜூன் 6ஆம் தேதி புற்றுநோயால் இறந்தார். வயது 67. நாஷ்வில்லின் மவுண்ட் அராரட் கல்லறைத் தோட்டத்தில் பெயர்ப் பலகைகூட இல்லாத குழியில் அடக்கம் செய்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் அடக்கம் கௌரவமாக நடக்க வழி செய்த சங்கத்தின் தலைவிக்கு ஒரு கல் இல்லை.

ஆனால் பேச்சு அடங்கவில்லை. 1930களில் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குத் தள்ளாத வயதில் இருந்த முன்னாள் அடிமைகள் கடிதம் எழுதினார்கள். எங்களுக்கு பென்ஷன் தருவதாகச் சொன்னார்களே, அது உண்மையா, எப்போது வரும் என்று கேட்ட அந்தக் கடிதங்கள் இன்றும் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 2005ல் வரலாற்றாசிரியர் மேரி ஃப்ரான்சஸ் பெர்ரி, தபால் துறை, பென்ஷன் துறைக் கோப்புகளைத் தோண்டி எடுத்து கேல்லி ஹவுஸின் வாழ்க்கையை முழுப் புத்தகமாக எழுதினார். அவரை வேவு பார்த்த கோப்புகளே அவருடைய வரலாற்றுக்கு ஆதாரம் ஆகிவிட்டன. நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இன்று ஒரு ஆய்வு மையத்துக்கே அவர் பெயர்.

இப்போ விவாதம் எங்கே நிற்கிறது?

இழப்பீட்டை எதிர்ப்பவர்களின் கேள்விகளை ஒதுக்கித் தள்ள முடியாது. போன தலைமுறையில் குடியேறி வந்த ஒருவர் கட்டும் வரியில் இருந்து ஏன் இதற்குக் கொடுக்க வேண்டும்? யார் அடிமைகளின் வாரிசு என்பதை எப்படி நிரூபிப்பது? எவ்வளவு கொடுத்தால் கணக்கு சரியாகும்? கடைசி இரண்டும் உண்மையிலேயே சிக்கலானவை. ஆனால் 1899ல் இந்தச் சிக்கல் இல்லவே இல்லை. அன்றைய கறுப்பின மக்களில் சுமார் ஐந்தில் ஒருவர் அடிமையாகப் பிறந்தவர். பெயர் இருந்தது, வயது இருந்தது, வயதுக்கு ஏற்ற தொகை மசோதாவிலேயே இருந்தது. அப்போது சொன்ன பதில் மோசடி. இப்போது சொல்லும் பதில் காலம் கடந்துவிட்டது. காலத்தைக் கடத்தியது யார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுப்பதில் அமெரிக்காவுக்குத் தயக்கம் இல்லை என்பதற்கு 1988 சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களில் உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலரும் அரசின் மன்னிப்பும் கிடைத்தன. 80,000க்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அதிபர் ரீகன்.

வரி கட்டுபவர் கேள்விக்கு வருவோம். கேல்லி ஹவுஸ் எந்த பென்ஷனை மாதிரியாக வைத்துக் கேட்டாரோ, அந்த உள்நாட்டுப் போர் பென்ஷன் எப்போது நின்றது தெரியுமா? 2020 மே மாதம். வயதான காலத்தில் மறுமணம் செய்த ஒரு வீரரின் மகள், வட கரோலினாவில் தன் 90வது வயதில் இறந்தபோதுதான். அதுவரை மாதாமாதம் 73 டாலர் 13 சென்ட் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வீரர் முதலில் அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தெற்குப் படையில் இருந்து, பிறகு கட்சி மாறி வடக்குப் படைக்கு வந்தவர். போர் முடிந்து 155 வருஷம் ஆகியும், குடியேறி வந்தவர்கள் உட்பட அத்தனை பேர் வரிப் பணத்திலும் அந்த 73 டாலர் போனது. யாரும் ஆட்சேபிக்கவில்லை, ஆட்சேபிக்கவும் தேவையில்லை. அரசு ஒரு கடன்பட்டால் அது தலைமுறை தாண்டியும் அரசின் கடன்தான்.

சில ஊர்கள் தாமாகவே தொடங்கிவிட்டன. இல்லினாய் மாகாணத்தின் எவன்ஸ்டன் நகரம், 1919ல் இருந்து 1969 வரை அங்கே வீட்டு வசதியில் பாகுபாட்டைச் சந்தித்த கறுப்பினக் குடும்பங்களுக்கு, வீட்டுச் செலவுக்காகத் தலா 25,000 டாலர் தரும் திட்டத்தை 2021ல் கொண்டு வந்தது. தொடக்கத்தில் இதற்கான பணம் கஞ்சா விற்பனை மேல் போடும் வரியில் இருந்து ஒதுக்கப்பட்டது. அங்கே அடிமை முறை என்று போகாமல், ஊர் நிர்வாகமே செய்த பாகுபாடு என்று எல்லை போட்டுக்கொண்டதால் வாரிசு பார்ப்பது கொஞ்சம் எளிதானது. அதற்கும் எதிர்ப்பு கிளம்பி வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

தேசிய அளவில், டெட்ராய்ட் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் 1989ல் ஒரு மசோதா கொண்டு வந்தார். அந்தப் பழைய 40 ஏக்கர் நினைவாக அதற்கு 40 என்ற எண்ணே பிறகு நிலைத்துவிட்டது. அதில் யாருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கச் சொல்லவில்லை. அடிமை முறையின் பாதிப்புகளை ஆராய்ந்து, என்ன செய்யலாம் என்று பரிந்துரைக்க ஒரு குழு போடுங்கள் என்றுதான் கேட்கிறது. 2021 ஏப்ரலில் முதல் தடவையாக நாடாளுமன்றக் குழு ஒன்றின் வாக்கெடுப்பைத் தாண்டியது. அதற்கு மேல் பிரதிநிதிகள் சபையின் முழு வாக்கெடுப்புக்கு அது வரவே இல்லை.